பப்ஜி பெருசா, ப்ரீ ஃபயர் பெருசா? ஒரு எண்ணிக்கைச் சண்டையின் வரலாறு

1.
2019-லிருந்து 2022 வரைக்கும், பத்து வயசுக்கு மேல பையன் இருந்த வீடுகளில் இந்தச் சண்டை காதில் விழாமல் இருந்திருக்காது.
"பப்ஜிக்கு நூறு கோடி டவுன்லோடு தெரியுமா?"
"ப்ரீ ஃபயரை ஒரு நாளைக்குப் பத்து கோடி பேர் ஆடுறாங்க, தெரியுமா?"
"உங்க கேம் கார்ட்டூன்டா."
"உங்க கேம் என் போன்ல ஹேங் ஆகுதுடா."
எங்க சாரம் அவ்வைத்திடல் ஓரத்தில் சைக்கிளைச் சாய்ச்சு வச்சிட்டு நிக்கிற பசங்க முதல், ஓ.பி. வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பசங்க வரைக்கும் இதே பேச்சுதான்.

2.
சின்னப் பசங்க சண்டைதானேன்னு தள்ளிவிடலாம். ஆனா இதுக்குள்ள லட்சம் கோடி ரூபாய்க் கணக்கு இருக்கு, இந்தியா-சீனா எல்லைப் பிரச்சினை இருக்கு, யார் வீட்டில் என்ன போன் இருந்தது என்கிற கணக்கும் இருக்கு. நான் அதிகம் பேசப்போறது அந்தக் கடைசிக் கணக்கைப் பத்தித்தான்.
இழை கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

3.
எண்ணை வச்சு சண்டை போடுறது நமக்குப் புதுசா என்ன? 2014 பொங்கலுக்கு வீரமும் ஜில்லாவும் ஒரே நாளில் வந்தது. 2019 பொங்கலுக்கு பேட்டயும் விஸ்வாசமும். 2023-ல் துணிவும் வாரிசும். ஒவ்வொரு தடவையும் "வசூல் எவ்வளவு?" என்பதுதான் சண்டை. அந்த வசூலில் ஒரு ரூபாய்கூட வராத ரசிகன்தான் அதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டான். கேம் சண்டையும் அதே ரத்தம்தான்.

4.
வெளிநாட்டில் இது இன்னும் பழசு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஒரு ஆன்லைன் கேம். மாசச் சந்தா கட்டி ஆடணும். 2010-ல் 1.2 கோடி சந்தாதாரர்கள். எதிர் கேம் ஆடுறவன் வாயை அடைக்க அந்த ஒரு எண் போதும். அப்புறம் எண் இறங்க ஆரம்பிச்சுது. 2015-ல் 55 லட்சத்துக்கு வந்ததும், அந்தக் கம்பெனி "இனிமே சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடமாட்டோம்"னு சொல்லிடுச்சு.
ஏறும்போது சொன்ன எண்ணை இறங்கும்போது நிறுத்திட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

5.
என் வயசுக்காரங்களுக்கு இந்தச் சண்டை இல்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடினோம். அந்த சென்டர்காரர் எந்த கேமைப் போட்டு வச்சிருக்காரோ அதுதான் கேம். எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே மவுஸ். பணக்கார வீட்டுப் பையனும் அடுத்த சீட்டில்தான் உட்காரணும்.
கேம் போனுக்குள்ள வந்த பிறகுதான் நிலைமை மாறுச்சு. ஏன்னா போன் ஆளுக்கு ஆள் வேற.

6.
இப்போ ரெண்டு கதாநாயகர்களையும் பார்த்துடுவோம்.
பப்ஜி: அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் யோசனை, கொரியாவின் புளூஹோல் தயாரிப்பு. 2017 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்தது. நூறு பேர் ஒரு தீவில் குதிக்கணும், கடைசியா உயிரோட நிக்கிறவன் ஜெயிச்சான். 2018 ஜனவரியில் ஒரே நேரத்தில் 32 லட்சம் பேருக்கு மேல் ஆடி ஸ்டீம் தளத்தில் சாதனை. சீனாவின் டென்சென்ட் அதைப் போனுக்கு மாத்தி 2018 மார்ச்சில் உலகம் முழுக்க விட்டாங்க.

7.
ப்ரீ ஃபயர்: வியட்நாமில் உருவாக்கி, சிங்கப்பூரின் கரேனா வெளியிட்டது. கரேனாவின் தாய்க் கம்பெனி பேர் 'சீ'. 2017 கடைசியிலேயே போனில் வந்தாச்சு. அதாவது, போன் என்று பார்த்தால் பப்ஜிக்கு முன்னாடியே ப்ரீ ஃபயர் வந்துடுச்சு. "நீங்கதான் காப்பி அடிச்சீங்க"ன்னு சொல்ற பப்ஜி பசங்ககிட்ட ப்ரீ ஃபயர் பசங்க முதல்ல எடுத்து வீசுற பாயிண்ட் இதுதான்.
இதுல நூறு பேர் கிடையாது, ஐம்பது பேர். ஆட்டம் அரை மணி நேரம் இல்லை, பத்து நிமிஷம் சொச்சம். ஜெயிச்சா "சிக்கன் டின்னர்" இல்லை, "பூயா".

8.
இந்த ரெண்டும் நம்ம ஊருக்குள்ள வர வழி போட்டது ஜியோ. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. அதுவரை மாசத்துக்கு ஒரு ஜிபி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு பண்ண வீட்டில், ஒரு நாளைக்கே ஒரு ஜிபி கிடைச்சுது. டேட்டா எல்லாருக்கும் சமமாச்சு.
போன் சமமாகலை. சண்டை தொடங்கின இடம் அதுதான்.

9.
பப்ஜி மொபைலுக்குக் குறைஞ்சது 2 ஜிபி ரேம் வேணும். அது பேருக்குத்தான். திக்காம ஆட 4 ஜிபி இருந்தாத்தான் சரி. ஜாகாவும் நிறைய அடைக்கும். ப்ரீ ஃபயர் அதைவிடச் சின்ன போனிலும் ஓடும்.
அப்பாவோட பழைய போன், திரை ஓரம் உடைஞ்ச போன், கேலரியில் கல்யாண போட்டோ நிரம்பி "ஸ்டோரேஜ் ஃபுல்" காட்டுற போன். இதுலயெல்லாம் ஓடுனது ப்ரீ ஃபயர்தான்.
டென்சென்டுக்கும் இது தெரியும். 2019-ல் 60 பேர் ஆடுற மாதிரி 'பப்ஜி லைட்' கொண்டுவந்தாங்க. ஆனா அதை ஆடினவனை பப்ஜி பசங்களே முழு பப்ஜிக்காரனா சேர்த்துக்கலை.

10.
அதனால "பப்ஜி கிராபிக்ஸ் சூப்பர், ப்ரீ ஃபயர் கார்ட்டூன்" என்று ஒரு பையன் சொன்னா, அதுக்குள்ள இன்னொரு வாக்கியம் ஒளிஞ்சிருக்கும். "எங்க வீட்டில் நல்ல போன் இருக்கு, உங்க வீட்டில் இல்லை."
பத்தாவது படிக்கிற பையனால் "எங்கப்பா சம்பளம் இவ்வளவுதான்டா"ன்னு திருப்பிச் சொல்ல முடியுமா? அதுக்குப் பதிலா அவன் தேடிக் கண்டுபிடிச்ச ஆயுதம்தான் எண்ணிக்கை. "நீ என்ன வேணா சொல்லு, உலகத்துலயே அதிகம் பேர் டவுன்லோடு பண்ணது எங்க கேம்."

11.
அவன் சொன்னது பொய்யும் இல்லை. 2019-ல் உலகத்திலேயே அதிகம் டவுன்லோடு ஆன மொபைல் கேம் ப்ரீ ஃபயர்தான்னு ஆப் அன்னி என்ற கணக்கெடுப்பு நிறுவனம் சொன்னது. 2020-ன் இரண்டாம் காலாண்டில், ஒரே நாளில் ஆடினவங்க எண்ணிக்கை உச்சத்தில் 10 கோடியைத் தாண்டுச்சுன்னு சீ கம்பெனி அறிவிச்சது. 2021-ல் அது 15 கோடி.

12.
பப்ஜி பசங்க சும்மா இருப்பாங்களா? "டவுன்லோடு யாருக்கு வேணும்? காசு எவ்வளவு?" 2020-ல் உலகத்திலேயே அதிகம் சம்பாதிச்ச மொபைல் கேம் பப்ஜி. சென்சார் டவர் கணக்குப்படி அந்த ஒரு வருஷத்தில் சுமார் 260 கோடி டாலர்.
ப்ரீ ஃபயர் பசங்க விடலை. "அதுல சீனாக் கணக்கையும் சேர்த்திருக்கான்." உண்மைதான். சீனாவில் பப்ஜி மொபைலுக்குக் காசு வாங்க அனுமதி கிடைக்கலை. அதனால 2019 மே மாசம் 'பீஸ்கீப்பர் எலீட்' என்று வேற பேரில் விட்டாங்க. அதில் சுடப்பட்டவன் சாகமாட்டான். கையாட்டி டாட்டா காட்டிட்டு, தன் பொருளையெல்லாம் கொடுத்துட்டுப் போவான். அதையும் பப்ஜின்னு கணக்கில் எடுக்கலாமா கூடாதா? இதுக்கே ராத்திரி முழுக்க சண்டை போட்டிருக்காங்க.

13.
இன்னும் இருக்கு. 2021 முதல் காலாண்டில் அமெரிக்காவில் வருமானத்தில் ப்ரீ ஃபயர் பப்ஜி மொபைலை முந்துச்சு. அதே மார்ச்சில் சீனா தவிர்த்தே பப்ஜி மொபைல் 100 கோடி டவுன்லோடைத் தொட்டுச்சு. மே மாசம் சிங்கப்பூரில் நடந்த ப்ரீ ஃபயர் உலகப் போட்டியை ஒரே நேரத்தில் 54 லட்சம் பேர் பார்த்தாங்க. சீனப் பார்வையாளர்களைச் சேர்க்காத கணக்கில், அதுவரை எந்த இ-ஸ்போர்ட்ஸ் போட்டிக்கும் இல்லாத கூட்டம்.
ரெண்டு பக்கமும் சொன்னது சரியான எண்தான். அப்புறம் எப்படி சண்டை முடியாமலே போச்சு?

14.
இங்க என் தொழில் உதவும். டெங்கு சீசனில் "எத்தனை டெங்கு?"ன்னு கேட்டா, நாங்க முதல்ல "எதைக் கேக்குறீங்க?"ன்னு திருப்பிக் கேப்போம்.
டவுன்லோடு என்பது இதுவரை மொத்தம் எத்தனை பேருக்கு டெங்கு வந்தது என்கிற மாதிரி. குணமாகி வீட்டுக்குப் போனவரும் அதில் உண்டு. கேமைப் போட்டுப் பார்த்து அரை மணியில் அழிச்சவனும் டவுன்லோடு கணக்கில் இருப்பான்.
தினசரி ஆடுறவர் எண்ணிக்கை என்பது இன்னிக்கு வார்டில் எத்தனை பேர் படுத்திருக்காங்க என்பது.
வருமானம் என்பது மருந்துச் செலவு. பத்து பேர் பெட்டில் இருந்தாலும் ஒருத்தருக்கே பாதிச் செலவு ஆகலாம்.
போட்டியைப் பார்க்கிறவர் எண்ணிக்கை என்பது ஆரஞ்சுப் பழத்தோட பார்க்க வந்த சொந்தக்காரங்க.

15.
நாலும் வேற வேற கேள்விக்கான பதில். ஒண்ணை இன்னொண்ணால தோற்கடிக்க முடியாது.
இந்தியாவையே எடுத்துக்கோங்க. 2020-ல் தடை வந்தப்போ பப்ஜி மொபைலின் உலக டவுன்லோடில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, சுமார் 17.5 கோடி, இந்தியாவில். வருமானத்தில் இந்தியாவின் பங்கு ரொம்பச் சின்னது. பெரும்பகுதி சீனா, அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வந்தது. தலைக்கணக்கில் நாம ராஜா, கல்லாக்கணக்கில் நாம கடைசி வரிசை.

16.
சரி, பெரியவங்க அப்போ என்ன செஞ்சுக்கிட்டிருந்தோம்? நமக்கு எல்லா கேமும் பப்ஜிதான். 2019 ஜனவரியில் மாணவர்களோட பெற்றோர்களோட நடந்த கலந்துரையாடலில், மகன் ஆன்லைன் கேமிலேயே இருக்கான்னு ஒரு அம்மா சொன்னதும் பிரதமர் மோடி "பப்ஜிக்காரனா?"ன்னு கேட்டார். அரங்கமே சிரிச்சுது. அதே மார்ச்சில் குஜராத் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடினதுக்காக மாணவர்களைப் போலீஸ் கைது பண்ணுச்சு.
இதனால ஒரு வேடிக்கை. வாழ்நாளில் பப்ஜியைத் தொடாத ப்ரீ ஃபயர் பையன்கூட வீட்டில் "பப்ஜி ஆடியே நாசமாப் போற"ன்னுதான் அடி வாங்கினான். அடியைவிட அந்தப் பேர்தான் அவனுக்கு வலிச்சிருக்கும்.

17.
2020 ஜூனில் கல்வான் மோதல். டிக்டாக் முதலான 59 செயலிகளுக்குத் தடை. அடுத்து செப்டம்பர் 2-ம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் இன்னும் 118 செயலிகள். அதில் பப்ஜி மொபைலும் லைட்டும் உண்டு. அக்டோபர் 30-ல் சர்வரே நின்னுபோச்சு.
ப்ரீ ஃபயர் பசங்களுக்கு அன்னிக்கு தீபாவளி. "உங்களது சீனா. எங்களது சிங்கப்பூர்."

18.
ரெண்டே நாளில் நடிகர் அக்‌ஷய் குமார் 'ஃபாஜி' என்ற இந்திய கேமை அறிவிச்சார். 2021 குடியரசு தினத்தில் வந்தது. வந்த வேகத்தில், எதிர்பார்த்தது கிடைக்காத பப்ஜி பசங்க ஒற்றை ஸ்டார் கொடுத்தே ரேட்டிங்கை இறக்கிட்டாங்க. தேசபக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், ரேட்டிங் என்ற எண்ணும் தங்க கையில்தான் இருக்குன்னு பசங்க காட்டின நேரம் அது.

19.
அந்தக் காலத்தை மருத்துவரா நான் இன்னொரு விதமா ஞாபகம் வச்சிருக்கேன். பள்ளிக்கூடம் மூடி, பாடம் போனில். அதுவரை போனையே கொடுக்காத வீடுகளும் கடன் வாங்கி ஒரு போன் வாங்கின காலம். அந்த போன் எந்த விலையில் இருக்கும்னு நான் சொல்லவேண்டியதில்லை. அதில் காலையில் கணக்குப் பாடம், மத்தியானம் ப்ரீ ஃபயர். பப்ஜி இல்லாத அந்த எட்டு மாசத்தில் இந்தியாவில் ப்ரீ ஃபயருக்கு எதிராளியே இல்லை.
கூடவே 'டைமண்ட்' வாங்குற பழக்கமும் வந்தது. 'அலோக்' கேரக்டர் இல்லாத பையனை டீமில் சேர்க்கமாட்டாங்க. அதுக்கு 599 டைமண்ட். போன் விலையில் ஆரம்பிச்ச ஏற்றத்தாழ்வு கேமுக்குள்ளயும் வந்து உட்கார்ந்துடுச்சு.

20.
2021 ஜூலை 2-ல் பப்ஜி 'பிஜிஎம்ஐ' என்ற பேரில் திரும்பி வந்தது. டென்சென்ட் இல்லை, கொரியாவின் கிராஃப்டனே நேரடியா நடத்துச்சு. 2022 ஜனவரியில் அதே கிராஃப்டன் ப்ரீ ஃபயர் எங்களைக் காப்பியடிச்சதுன்னு அமெரிக்க நீதிமன்றத்தில் கரேனா மேல வழக்குப் போட்டுச்சு. அவ்வைத்திடல் சண்டை கலிபோர்னியா கோர்ட்டுக்கே போயிடுச்சுன்னு வச்சுக்கோங்களேன்.

21.
அடுத்த மாசம், 2022 பிப்ரவரி 14. அரசாங்கம் இன்னொரு 54 செயலிகளைத் தடை பண்ணுச்சு. அதில் ப்ரீ ஃபயர். "எங்களது சிங்கப்பூர்" வாதம் ஒரே நாளில் செத்துப்போச்சு. நியூயார்க் பங்குச் சந்தையில் சீ கம்பெனியின் மதிப்பு ஒரே நாளில் சுமார் 1,600 கோடி டாலர் இறங்குச்சு. நம்ம கணக்கில் 1.2 லட்சம் கோடி ரூபாய் அளவு.
பசங்க? அதே ஐடியை 'ப்ரீ ஃபயர் மேக்ஸ்' செயலியில் போட்டு அன்னிக்கு சாயங்காலமே ஆடினாங்க. மேக்ஸுக்குத் தடை இல்லை.

22.
பப்ஜி பசங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள, 2022 ஜூலை 28-ல் பிஜிஎம்ஐயும் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமப் போச்சு. அதே மாசம்தான் 10 கோடிப் பேர் சேர்ந்துட்டாங்கன்னு அந்தக் கம்பெனி பெருமையா அறிவிச்சிருந்தது. பத்து கோடி என்ற எண் ஒரு நாள்கூட அதைக் காப்பாத்தலை.

23.
2023 மே மாசம் பிஜிஎம்ஐ மூணு மாசச் சோதனைக்குன்னு திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை நேரக் கட்டுப்பாடோட. 18 வயசுக்குக் கீழே நாளைக்கு 3 மணி நேரம், பெரியவங்களுக்கு 6 மணி நேரம். ஆகஸ்டில் ப்ரீ ஃபயரும் தோனியைக் கூட்டிக்கிட்டு வர்றதா அறிவிச்சது. கேமுக்குள்ள அவர் கேரக்டர் பேர் 'தல'. செப்டம்பர் 5-ல் வரவேண்டியது, சில வாரம் தள்ளுதுன்னாங்க. அந்த வருஷம் முடியிற வரைக்கும் வரலை.

24.
இப்போ அந்தப் பசங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். சண்டை உச்சத்தில் இருந்தபோது பப்ஜியின் கிராஃப்டனிலும் டென்சென்டுக்குப் பங்கு இருந்தது, ப்ரீ ஃபயரின் சீ கம்பெனியிலும் டென்சென்டுக்குப் பங்கு இருந்தது. சீயில் மட்டும் 2022 தொடக்கத்தில் 18 சதவீதத்துக்கு மேல.
எந்தப் பையன் ஜெயிச்சாலும் ஒரே கல்லாவுக்கு ஒரு பங்கு போச்சு.

25.
அவன் ஆயுதமா எடுத்த எண்களையும் பாருங்க. "ஒரு நாளைக்கு 15 கோடி பேர்" என்பது அவனுக்காகச் சொன்னது இல்லை. காலாண்டு அறிக்கையில் முதலீட்டாளருக்காகச் சொன்னது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கதையை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்காகத்தான். கம்பெனிக்கு எந்த எண் லாபமோ அந்த எண் வெளியே வரும். அந்த எண்ணை நம்ம பையன் தன் மானத்துக்குக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டான்.

26.
இப்போ ஓ.பி.க்கு வருவோம். பெற்றோர் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "டாக்டர், எந்த கேம் ரொம்ப மோசம்?"
இதுவும் பசங்க கேட்ட அதே தப்பான கேள்விதான், தலைகீழா. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' இருக்கு. அதில் எந்த கேமின் பேரும் கிடையாது. எத்தனை மணி நேரம்னும் கிடையாது.

27.
அதில் இருக்கிறது மூணு கேள்வி. ஆட்டத்தை நிறுத்த நினைச்சா நிறுத்த முடியுதா? சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் எல்லாத்தையும் விட ஆட்டம் முன்னாடி வந்துடுச்சா? கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடருதா? இதெல்லாம் பொதுவா 12 மாசம் நீடிச்சு, வாழ்க்கையைப் பாதிச்சாத்தான் அது நோய். நிறைய ஆடுற பசங்களில் பெரும்பாலானவங்களுக்கு அது நோய் இல்லை. லீவு நாளில் நாலு மணி நேரம் ஆடின பையனைப் பைத்தியம்னு முத்திரை குத்தாதீங்க.
ஆனா ராத்திரி தூக்கம் போச்சு, பள்ளிக்கூடம் போகலை, வீட்டில் காசு காணாமப் போகுது, போனைப் பிடுங்கினா பொருளை உடைக்கிறான் என்றால் தாமதிக்காம காட்டுங்க. எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

28.
ஒரு சின்ன யோசனை. அடுத்த தடவை பையன் "எங்க கேம்தான் நம்பர் ஒன்"னு சொன்னா சிரிச்சுத் தள்ளாதீங்க. "எந்தக் கணக்கில்? டவுன்லோடா, தினசரியா, வருமானமா?"ன்னு கேளுங்க. ஆச்சரியமா நிமிர்ந்து பார்ப்பான். அப்புறம் அரை மணி நேரம் விடாம பேசுவான். யாரோட ஆடுறான், எத்தனை மணிக்கு ஆடுறான், டைமண்டுக்குக் காசு எங்கிருந்து வருது, எவன் அவன் போனைக் கிண்டல் பண்ணான், எல்லாம் அதில் தானா வெளியே வரும். ஓ.பி.யில் நான் பத்து கேள்வி கேட்டு வாங்க முடியாத விவரம் அது.

29.
ரெண்டு கேமும் இனி வரலாம், போகலாம். இந்நேரம் வேற ரெண்டு கேமுக்கு இதே சண்டை ஆரம்பிச்சிருக்கும். அப்பவும் ஏதோ ஒரு வீட்டில் போன் பழசா இருக்கும், ஒரு பையன் அதை மறைக்க எண்ணைத் தேடுவான். அவன்கிட்ட எண்ணைப் பத்தி பேசுங்க, அப்படியே போனைப் பத்தியும் பேசுங்க.

அரசு மருத்துவர்
சாரம், புதுச்சேரி